ஒலிப்பதிவும் படர்க்கையும்

கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை ஒன்றரை வருஷமாக உபயோகித்துவருகிறேன். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிற செல்போனே இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் செல்போனுக்கு இது நூறு வேலைகளில் ஒன்று. என்னிடம் இருப்பது இதற்கென்றே செய்யப்பட்ட சாமான். வேறு எதற்கும் லாயக்கில்லை. ஒரே காரியத்துக்காக இருக்கும் ஒரு பொருள், அந்தக் காரியம் என்ன மாதிரியானது என்ற யோசனையைக் கிளப்பிவிடுகிறது. அதோடு, நம் மாதாந்திரக் கூட்டங்களை இனி முழுக்கப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்று நண்பர்களிடையே ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. கருவி என்னிடம் இருப்பதால் பொறுப்பும் என் தலையில்தான் விழும். ஒப்புக்கொள்வதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் கருவி. 4 ஜிகாபைட் நினைவகம். விநாடிக்கு 128 கிலோபிட் என்ற கணக்கில் சுமார் 70 மணி நேரப் பேச்சை இது கொள்ளும். ஒலிநாடாக் காலத்தில் ஒரு காஸெட்டின் இரு பக்கமும் சேர்ந்து 60 நிமிஷம், அல்லது 90 நிமிஷம். நடுவில் எடுத்துத் திருப்பிப் போடவேண்டும். நாடா தீரப்போகிறதே என்ற உணர்வு பதிவு செய்பவனுக்கும் பேசுபவனுக்கும் இருந்துகொண்டே இருந்தது. எதைப் பதிவு செய்வது, எதை விடுவது என்பதில் காஸெட்டின் விலையும் நீளமும் ஒரு விமர்சகனின் வேலையைச் செய்தன. 70 மணி நேரம் அந்த விமர்சகனை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. பதிவான ஒவ்வொன்றுக்கும் கருவியே பெயர் வைக்கிறது: வருஷம், மாதம், தேதி, மணி. வயதான ஒருவரின் ஞாபகங்களும், ஆபீஸ் மீட்டிங்கும், பையில் தவறி அமுங்கிய பொத்தானால் பதிவான பஸ் இரைச்சலும் எண்களாக ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் தராதரம் கிடையாது.

ஒலிப்பதிவு நல்லதா கெட்டதா என்று கேட்பது பட்டிமன்ற வேலை. என் கேள்வி வேறு. ஒருவன் பேசியது பதிவாகும்போது அந்தப் பேச்சுக்கு என்ன நேர்கிறது? நேர்வதற்கு யார் பொறுப்பு?

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணம் மூன்று இடங்களைச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த விஷயம்தான். ஆனால் பேச்சு என்ற அனுபவத்தின் அடிப்படை இதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பேச்சு முன்னிலையில் பிறக்கிறது. எதிரே இருப்பவனின் வயது, ஜாதி, உறவு, அவனோடு நேற்று நடந்த சண்டை, அவன் புருவம் நெரிவது எல்லாம் சேர்ந்துதான் என் வாக்கியத்தை முடிவு செய்கின்றன. ‘நீ’, ‘நீங்க’ என்பதில் தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டால் புரிந்துகொள்வானா என்கிற நிச்சயம் வரை அவனிடமிருந்து வருகிறது. பாதிப் பேச்சு என்னுடையது என்றால் மீதிப் பாதி அவனுடையது.

இந்த இருவர் நடுவே கருவியை வைத்தவுடன் மூன்றாவது ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவன் யாரென்று தெரியாது. எப்போது கேட்பான் என்று தெரியாது. சொன்னது புரியாமல் விழித்தால் திரும்பச் சொல்ல நாம் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. இனி பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கும் சேர்த்துத்தான்.

இதை நம் கூட்டத்திலேயே பார்த்தோம். எட்டு ஒன்பது பேர் உட்காருகிற மாடி அறையில், சில மாதங்களுக்கு முன் எல்லோருடைய சம்மதத்தோடும் கருவியை மேஜைமேல் வைத்தோம். அதுவரை பாதி வாக்கியங்களிலும் கெட்ட வார்த்தைகளிலும் நடந்த விவாதம் முழு வாக்கியங்களுக்கு மாறிற்று. ‘அவன் எழுதறது குப்பை’ என்று வழக்கமாகச் சொல்பவர் ‘ஒரு சாரார் இவ்விதம் எழுதுகிறார்கள்’ என்றார். இது வெறும் ஜாக்கிரதை, இதை எதிர்பார்க்கலாம். நான் எதிர்பாராதது வேறொன்று. ‘நாம’ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ‘நாங்கள்’ என்று பேச ஆரம்பித்தார்கள். கேட்பவனையும் உள்ளடக்குகிற தன்மைப் பன்மை ஒன்று, அவனை வெளியே நிறுத்துகிற தன்மைப் பன்மை ஒன்று என இரண்டு நம் மொழியில் உண்டு. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். ‘நாம என்ன கிழிச்சுட்டோம்’ என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள், ‘நாங்கள் இந்தக் காலகட்டத்தில் செய்தது’ என்று எங்கோ இருக்கும் ஒருவனிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்த அனைவரும் நண்பர்கள். ‘நாங்கள்’ என்று சொல்லி விலக்கிவைக்க அங்கே யாருமில்லை, அந்தக் கருவியைத் தவிர.

ஒலிப்பதிவு முன்னிலையைப் படர்க்கையாக்குகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. பேச்சில் ‘நீ’யாக இருந்தவன் பதிவில் ‘அவன்’ ஆகிறான். அவனோடு பேசிய நானும் ‘அவன்’ ஆகிறேன்.

இதற்கு நான் அறிந்த மிகத் துல்லியமான உதாரணம் முதல் உலக யுத்தத்திலிருந்து வருகிறது. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் நடத்திய பிறைநிலா முகாமில், பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவங்களிலிருந்து பிடிபட்ட காலனி நாட்டுச் சிப்பாய்களை அடைத்துவைத்திருந்தார்கள். உலகத்தின் மொழிகளெல்லாம் ஓரிடத்தில் சிறைப்பட்டுக் கிடப்பது மொழியியல்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. 1915-ல் அமைக்கப்பட்ட பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழு யுத்தம் முடியும்வரை கைதிகளின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டுகள் இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1916 டிசம்பர் 11-ல் மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயை ஊதுகுழலின் முன் நிறுத்தினார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ஒரு மனிதன் இருந்தான், ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டு வந்தான், ஐரோப்பிய யுத்தத்துக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது, அவன் ஊருக்குத் திரும்ப விரும்புகிறான் என்கிற தோரணையில் பேசினார். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார். சொல்வது முழுக்கப் படர்க்கையில். எதிரே இருந்த பேராசிரியருக்கு வேண்டியிருந்தது பஞ்சாபியின் உச்சரிப்பு. அந்த மனிதனின் வீடு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ‘நான்’ என்று சொல்லிக் கேட்க அங்கே ஒரு ‘நீ’ இல்லை. ஃபிலிப் ஷெஃப்னர் 2007-ல் எடுத்த ‘ஹாஃப்மூன் ஃபைல்ஸ்’ என்ற படத்தின் மூலம் அந்தக் குரல் பரவலாகக் கேட்கப்பட்டது. இடையில் தொண்ணூறு வருஷம். அந்தக் காலம் முழுவதும் அது காப்பாற்றப்பட்டிருந்தது என்பது உண்மை. அது ஒரு மொழியின் மாதிரியாகக் காப்பாற்றப்பட்டிருந்தது என்பதும் உண்மை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். எழுத்தும் இதைத்தானே செய்கிறது? எழுத்து வந்த அன்றே பேச்சு படர்க்கையாகிவிடவில்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. எழுதுகிறவன் எதிரே யாருமில்லை என்று தெரிந்துதான் எழுத உட்காருகிறான். முன்னிலையை இழந்ததற்கு ஈடாக அவனுக்கு அடித்தலும் திருத்தலும் கிடைக்கின்றன. இல்லாத ஒருவனுக்காக எவ்வளவு சொல்வது, எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்க அவகாசம் கிடைக்கிறது. நடை என்று நாம் சொல்வது இந்தத் தீர்மானங்களைத்தான். ஒலிப்பதிவு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. முன்னிலைக்குக் கொடுக்கப்பட்டதை எடுத்து, படர்க்கையின் கையில் கொடுத்துவிடுகிறது. எழுத்தின் நிரந்தரம் உண்டு, எழுத்தின் பொறுப்பு இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. ஒலிப்பதிவு எளியவனின் ஆயுதம் இல்லையா? லஞ்சம் கேட்கும் அதிகாரியின் முன்னால், மிரட்டும் முதலாளியின் முன்னால், வேறு சாட்சி இல்லாதவனுக்கு இதுதானே சாட்சி? வாஸ்தவம். பம்பாயில் மரண விசாரணை அதிகாரி ஒருவர் ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்டார் என்ற வழக்கில், மருத்துவரின் தொலைபேசியோடு போலீஸார் கருவியை இணைத்துப் பதிவு செய்ததை உச்ச நீதிமன்றம் 1972-ல் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. ஏனென்றால் லஞ்சம் கேட்கிறவன் முன்னிலையை ஏற்கெனவே முறித்துவிட்டான். எதிரே நிற்பவன் அவனுக்கு ‘நீ’ அல்ல, ஒரு தொகை. தன்னைப் படர்க்கையாக்கியவனைத் திரும்பப் படர்க்கையாக்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதே நீதிமன்றத்தின் முன் 2025 ஜூலையில் வேறொரு பதிவு வந்தது. கணவன், மனைவிக்குத் தெரியாமல், அவளோடு தொலைபேசியில் பேசியதையெல்லாம் பதிவு செய்து விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்திருந்தான். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2021-ல் அது மனைவியின் அந்தரங்கத்தில் தலையிடுவது என்று தள்ளியது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேவு பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டால், நம்பிக்கை முன்பே முறிந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்ற பொருள்பட நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும். அதன் வேலை நடந்ததை நிர்ணயிப்பது. ஆனால் நமக்குப் போதாது. எப்போது முறிந்தது? அவள் ‘நீ’ என்று நம்பிப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே அவன் மனதில் அவளை நீதிபதியின் முன் நிறுத்தியிருந்தான். அவள் பேசியது ஒரு கணவனிடம். அவன் கேட்டது ஒரு வாதியாக. பதிவு செய்கிற விரல் அமுங்கிய அந்த நிமிஷத்தில் அங்கே முறிவும் நிகழ்கிறது என்றுதான் நான் கருதுகிறேன். 1972-ன் பதிவும் 2025-ன் பதிவும் சட்டத்தில் ஒரே ஜாதியாக இருக்கலாம். தர்மத்தில் இல்லை.

வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அன்றாடம் தெரிகிற விஷயம். எங்கள் தலைக்குமேல் காமிரா உண்டு. பணம் எண்ணுகிற கைகளை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழேதான் ஒரு அம்மாள் டெபாஸிட் ரசீதை நீட்டி, குரலைத் தாழ்த்தி, ‘இது வீட்ல யாருக்கும் தெரியாது சார்’ என்கிறாள். அந்த வாக்கியத்தை எந்த வவுச்சரிலும் எழுத முடியாது. எழுதத் தேவையுமில்லை. ஆனால் அன்று அவளுக்கும் எனக்கும் இடையே நடந்த பரிவர்த்தனையின் சாரம் அதில்தான் இருக்கிறது. அது பதிவாகாது என்பதால்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

இன்னொரு நுணுக்கம் மௌனத்தைப் பற்றியது. என் கருவியில் குரலுக்கேற்ப இயங்கும் விசை ஒன்று உண்டு. சப்தம் ஒரு அளவுக்கு மேல் எழும்பினால் பதிவு தொடங்கும், அடங்கினால் நின்றுவிடும். இடம் மிச்சம். இப்படிப் பதிவானதைக் கேட்டால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த தயக்கம் காணாமல் போயிருக்கிறது. ‘உனக்கு அந்தக் கவிதை பிடித்ததா?’ என்ற கேள்விக்கு அரை நிமிஷம் யோசித்துச் சொன்ன ‘ஆமாம்’, உடனே சொன்ன ‘ஆமாம்’ ஆகிவிடுகிறது. சொன்ன வார்த்தை அதேதான். சொன்ன விஷயம் நேர் எதிர். மௌனத்தைக் கேட்க முன்னிலை வேண்டியிருக்கிறது. நிக்ஸனின் அலுவலக அறையிலும் பேச்சுக்குரல் கேட்டால் தானே ஓடுகிற ஏற்பாடுதான் இருந்தது. 1971-லிருந்து 1973 வரை ஆயிரக்கணக்கான மணி நேரம் பதிவாயிற்று. எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது 1972 ஜூன் 20-ந் தேதி நாடாவில் அழிந்துபோயிருந்த பதினெட்டரை நிமிஷத்தை.

தன் குரலையே பதிவு செய்துகொள்பவன் கதை என்ன? பஸ்ஸில் வரும்போது தோன்றுகிற வாக்கியங்களை நான் இப்படிப் பிடித்துவைக்கிறேன். திரும்பக் கேட்டால் அது யாரோ ஒருவனின் குரல். நம் குரல் நமக்குக் கபாலத்தின் எலும்பு வழியாகவும் வந்து சேர்கிறது; பதிவில் காற்று வழி வந்தது மட்டும் இருக்கிறது; அதனால் அப்படி. ஒரு விமர்சகனுக்கு இது உபயோகமானதுதான். தன் அபிப்பிராயம் இன்னொருவன் அபிப்பிராயமாக ஒலிக்கும்போது அதிலுள்ள இரவல் சரக்கு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. இங்கே தன்மை படர்க்கையாகிறது. அதன் எல்லை வரை போய்ப் பார்த்தவர் பெக்கெட். ‘க்ராப்பின் கடைசி நாடா’ லண்டனில் மேடையேறியது 1958-ல். ஒலிநாடாக் கருவி அப்போது புதுசு. முப்பது வருஷ நாடாக்களை ஒருவன் சேர்த்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கதையை எதிர்காலத்தில் வைக்கவேண்டியிருந்தது. 69 வயது க்ராப் தன் 39 வயதுக் குரலைக் கேட்கிறான். அந்த 39 வயதுக்காரன் தனக்குக் கிடைத்த பெரிய தரிசனத்தைச் சொல்லத் தொடங்குகிற இடத்திலெல்லாம் கிழவன் பொறுமையில்லாமல் நாடாவை ஓட்டிவிடுகிறான். திரும்பத் திரும்பக் கேட்பது படகில் ஒரு பெண்ணோடு இருந்த சில நிமிஷங்களை. எது முக்கியம் என்று பதிவு செய்தவன் நினைத்தானோ அது கேட்பவனுக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் பேச்சு நின்றுவிடுகிறது, நாடா மௌனமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். குரல் விசையுள்ள கருவியில் இந்த நாடகம் இப்படி முடியாது. கருவி நின்றுபோயிருக்கும்.

இவ்வளவு சொன்னபிறகு கருவியைத் தூர எறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். படர்க்கையை மறுபடி முன்னிலையாக்க முடியும் என்பதையும் இதே கருவியில் கண்டிருக்கிறேன். எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைச் செய்தார். அடுத்த வருஷம் ஒரு பத்திரிகையில் அதன் உபயோகங்களைப் பட்டியல் போட்டபோது, குடும்பத்தாரின் பேச்சையும் சாகப்போகிறவர்களின் கடைசி வார்த்தைகளையும் சேமிப்பதை அதில் ஒன்றாக வைத்தார். அந்த ஆசை பழையது. என் அண்ணன் பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்கிறார்கள். அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்பு என்றான் அண்ணன். கருவியைக் கண்டதும் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு ரேடியோத் தமிழாகிவிட்டது. ‘போனாவ’ என்பவள் ‘போனார்கள்’ என்றாள். நடுவில் நிறுத்தி, ‘இத யாரு கேக்கப் போறாவ?’ என்று கேட்டாள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சுற்றிச்சுற்றி வருகிற கேள்வியை ஐந்தாவது வகுப்போடு நின்றவள் நாலு வார்த்தையில் கேட்டுவிட்டாள். ‘உன் பேத்திதான்’ என்றேன். அதன்பின் அவள் கருவியைப் பார்க்கவில்லை. பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பிள்ளைக்குப் புரியாதென்று தோன்றிய வார்த்தைக்கு அங்கங்கே நின்று விளக்கம் சொன்னாள், ‘போனாவ’ திரும்பி வந்தது. முகம் இல்லாத மூன்றாம் ஆளுக்கு ஒரு முகம் கிடைத்தவுடன் அவன் ‘நீ’ ஆகிவிடுகிறான்.

ஆகவே பொறுப்பு யாருடையது என்பதற்கு என் பதில் இது. பதிவு செய்கிறவன் கேட்கக் கடன்பட்டவன். பேரேட்டில் பற்று எழுதினால் எதிரே வரவு எழுதியாக வேண்டும், இல்லையென்றால் சாயந்தரம் கணக்கு நேராகாது. ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேகமாக ஓட்டிக் கேட்பது வரவாகாது. 70 மணி நேரம் என்பது, ஆபீஸ் வேலை மாதிரி தினம் எட்டு மணி நேரம் கேட்டால், ஒன்பது நாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பொத்தானை அமுக்குகிறவன் அப்போதைக்குக் கேட்பதையும் நிறுத்திவிடுகிறான். அதுதான் பதிவாகிறதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம். பேசுகிறவன் எதிரே உயிரோடு இருக்கும்போது அவனைக் கேளாமல், அவன் இல்லாத காலத்துக்கு அவனை ஒத்திப்போடுகிறோம்.

நம் கூட்டத்தில் எண்பதைத் தாண்டியவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் குரல் இல்லாமல் போய்விடுமே என்ற பயத்திலிருந்துதான் இந்த யோசனை வந்திருக்கிறது. பயம் நியாயமானது. அதனால் என் ஓட்டை இப்படிப் போடுகிறேன். எல்லாக் கூட்டங்களையும் பதிவு செய்ய வேண்டாம். அவர்கள் இருவரும் விரும்பினால், யாருக்காகப் பேசுகிறோம் என்று அவர்களே முடிவு செய்து, நம்மில் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்க, கருவி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். குரல் விசையை நிறுத்திவைப்போம், மௌனமும் பதிவாகட்டும். பேசியவர் முதலில் கேட்டு, வேண்டாததை அழிக்கச் சொன்னால் அழிப்போம். ஒரு மாதத்துக்குள் நம்மில் ஒருவராவது முழுக்கக் கேட்காத பதிவு எதுவானாலும் அதையும் அழித்துவிடுவோம். மற்றக் கூட்டங்கள் முன்போலவே நடக்கட்டும். அங்கே பேசியது மறந்துபோகும். ஒருவர் பேச்சால் இன்னொருவர் மாறியிருந்தால் அது அவர் எழுத்தில் வந்து நிற்கும். வராவிட்டால், 70 மணி நேரப் பதிவு அதை ஈடு செய்யப்போவதில்லை.